டான்சானியக் கிராமக் கோவிலில் ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாள்: மறைப்பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராமப் பங்கில் குழந்தைகளோடு ஒரு நாள் கொண்டாட வேண்டும் என்றதும் பெரும்பாலான மிஷனரிகளுக்கு கிறிஸ்மஸ்தான் நினைவுக்கு வரும். டான்சானியாவின் தெற்கு மலைப்பகுதியில், அதாவது இரிங்கா, ந்ஜோம்பே, ம்பேயா பக்கம் இருப்பவர்களுக்கு நான் ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாளான ஜூன் 16-ஐத்தான் சொல்வேன். டிசம்பரில் அங்கே மழை பிடித்துவிடும். மண் சாலையில் வண்டி புதையும், வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் மண்வெட்டியோடு வயலில் இருப்பார்கள், சேமித்த தானியமும் குறைய ஆரம்பித்திருக்கும். ஜூனில் மழை நின்று பாதை காய்ந்திருக்கும், மக்காச்சோளம் அறுவடையாகிக்கொண்டிருக்கும், பள்ளிக்கும் விடுமுறை. ஒரு குடும்பம் ஒரு படி பீன்ஸ் கொடுக்க நினைத்தால் மனத்தாங்கல் இல்லாமல் கொடுக்க முடிகிற மாதம் அது. விழாச் சுமையில் எவ்வளவை ஊர்க்காரர்களே தூக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கப்போகிறேன்.

கத்தோலிக்கப் பங்கை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அந்தப் பகுதியில் லூத்தரன், மொரேவியன், ஆங்கிலிக்கன் சபைகளும் வலுவாக இருக்கின்றன. அங்கே பணியாற்றுகிறவர்கள் பதவிப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில், இந்த நாள் எதற்காக

1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் ஆயிரக்கணக்கான கறுப்பின மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சில பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று நிறவெறி அரசு திணித்ததை எதிர்த்த ஊர்வலம் அது. போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனுக்கு 12 வயது. இன்னொரு மாணவர் அவனைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும்போது சாம் ந்ஸிமா எடுத்த புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. அந்த நினைவாக ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1991 முதல் ஜூன் 16-ஐ ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாளாக வைத்தது. சுவாஹிலியில் ‘சிகு யா ம்டோடோ வா அஃப்ரிகா’ என்பார்கள். இப்போது ஆப்பிரிக்க ஒன்றியம் ஒவ்வொரு வருடமும் இதற்கு ஒரு கருப்பொருள் அறிவிக்கிறது.

டான்சானியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. சோவெட்டோ எழுச்சிக்குப் பிறகு நாட்டை விட்டுத் தப்பிய மாணவர்களுக்காக மொரோகோரோ அருகே மஸிம்புவில் டான்சானிய அரசு நிலம் கொடுத்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அங்கே ஒரு பள்ளி நடத்தியது. 1979-இல் நிறவெறி அரசு தூக்கிலிட்ட இளைஞர் சாலமன் மஹ்லங்குவின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று அந்த இடம் சொகோயினே விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இங்கிருந்து ஆரம்பியுங்கள். ‘எங்கோ தெற்கே நடந்தது’ என்பதைவிட, ‘ஓடி வந்த பிள்ளைகளுக்கு நம் நாடு இடம் கொடுத்தது’ என்பது அவர்களுக்குச் சட்டென்று ஒட்டும்.

இரண்டு மாதம் முன்பு: கட்டெகிஸ்டாவிடம் போங்கள்

ஒரு பங்கின் கீழ் பல கிளைப்பங்குகள் இருக்கும். அங்கே அதற்கு கிகாங்கோ என்று பெயர். பங்குத்தந்தை எல்லா ஞாயிறும் எல்லா இடத்துக்கும் போக முடியாது, அதனால் பல ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்துவது கட்டெகிஸ்டா, நம் உபதேசியார் மாதிரி. ஊரில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். திட்டத்தை முடித்துவிட்டு அவரிடம் ‘தெரிவிக்க’ப் போகாதீர்கள். வெறும் யோசனையோடு போய், எப்படிச் செய்யலாம் என்று கேளுங்கள்.

போனதும் விஷயத்துக்கு வந்துவிடக் கூடாது. வயதில் மூத்தவர் என்றால் ‘ஷிகமோ’ என்று வணங்க வேண்டும். அவர் ‘மரஹபா’ என்பார். அங்கி போட்டிருக்கிறோம், நமக்குத்தானே வணக்கம் வர வேண்டும் என்று நிற்கும் இளம் ஃபாதர்களை ஊர் கவனித்துவிடும். அப்புறம் வீட்டில் எல்லாரும் நலமா, அறுவடை எப்படி, மழை எப்படி என்று ஒரு சுற்றுப் பேச்சு. அதற்கே அரை மணி நேரம் போகட்டும்.

அடுத்து ஜுமுயா தலைவர்கள். ஜுமுயா என்பது நம் அன்பியம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கும் குழு. சமையல், விறகு, பாத்திரம் என்று எல்லாம் இந்தக் குழுக்கள் வழியாகத்தான் பிரியும். கத்தோலிக்கப் பெண்கள் அமைப்பான வாவாட்டா அம்மாக்களிடம் சமையல் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

கிராமத் தலைவரையும் கிராம நிர்வாக அதிகாரியையும் நேரில் பார்த்துச் சொல்லுங்கள். பெரிய கூட்டம் கூடும்போது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. இன்னொன்று: மிஷனரிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் உரிய தங்கும் அனுமதி ‘சி’ வகுப்பு. சுற்றுலா விசாவில் வந்த நண்பர்களை மேடையேற்றிப் போதிக்க வைத்தால் குடிவரவு அதிகாரிகளிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூன் 16 எல்லா வருடமும் ஞாயிறில் வராது. 2026-இல் செவ்வாய், 2027-இல் புதன். வார நாளில் வைத்தால் அம்மாக்கள் வயலை விட்டு வர வேண்டும். அதனால் அதை ஒட்டிய ஞாயிறுகளில் பங்குத்தந்தை அந்தக் கிகாங்கோவுக்கு வரும் நாளைப் பிடியுங்கள்.

நேரம் சொல்லும்போது கவனம். சுவாஹிலி மணிக்கணக்கு சூரிய உதயத்தோடு தொடங்குகிறது. காலை ஏழு மணி அங்கே முதல் மணி, பத்து மணி நான்காம் மணி. ‘சா ந்னே’ என்றால் காலை பத்து. நீங்கள் பத்து மணி என்று சொன்னதை யாராவது அப்படியே ‘சா குமி’ என்று மாற்றினால் மாலை நான்கு மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். அறிவிப்பைக் கட்டெகிஸ்டாவே செய்யட்டும்.

மூன்று வாரம் முன்பு: தலைக்கணக்கும் சாப்பாட்டுக் கணக்கும்

இந்த நாளில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது சாப்பாடு. தினமும் உகாலி, அதாவது மக்காச்சோள மாவுக் களி சாப்பிடும் வீடுகளில் அரிசிச் சோறு என்பதே விருந்து. அதிலும் சீரகம், ஏலம், பட்டை, கிராம்பு போட்ட பிலாவு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜுமுயா பட்டியலில் 140 பிள்ளைகள் இருந்தால் 200 பேருக்குச் சமையுங்கள். தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். வரட்டும். பெயர் இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் ஊர் அதை மறக்காது.

200 பேருக்கு என்ன வேண்டும்? தலைக்கு 110 முதல் 120 கிராம் அரிசி என்று வைத்தால் 25 கிலோவுக்குள் முடியும். பீன்ஸ் 12 கிலோ. நடுத்தர ஆட்டில் 10, 12 கிலோ கறி தேறும், எனவே இரண்டு ஆடு தாராளம். எண்ணெய் ஐந்து லிட்டர், வெங்காயம், தக்காளி, உப்பு. இதில் பீன்ஸ், வெங்காயம், தக்காளி, விறகு ஆகியவற்றை ஜுமுயாக்கள் பிரித்துக்கொள்வார்கள். அரிசி, எண்ணெய், மசாலா, ஆட்டில் ஒன்று என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நானே வாங்கித் தருகிறேன் என்று மிஷனரி சொல்வது தாராளம் போலத் தெரியும். ஆனால் அடுத்த வருடம் நீங்கள் இல்லாவிட்டால் விழாவும் இல்லை என்றாகிவிடும்.

ஆட்டை அறுப்பது யார் என்பதை முன்கூட்டியே பேசுங்கள். எல்லா மதத்தவரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு முஸ்லிம் ஒருவர் அறுப்பது டான்சானியாவின் பல இடங்களில் நீண்ட கால வழக்கம். இந்த விவகாரம் 2013-இல் கெய்ட்டா பகுதியில் கலவரமாகி ஒரு போதகர் கொல்லப்பட்டார். உங்கள் ஊரில் என்ன நடைமுறையோ அதையே பின்பற்றுங்கள், புதிதாக எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள்.

மக்காச்சோளமும் நிலக்கடலையும் வரும்போது கையால் அளைந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த தானியத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வேகவைத்தாலும் போகாது. 2016-இல் டொடோமா, மன்யாரா பகுதிகளில் இதனால் உயிரிழப்புகள் நடந்தன. நிறம் மாறிய, வாடை வீசுகிற மூட்டையை மரியாதையாக ஒதுக்கி வையுங்கள். கொடுத்தவர் முகம் சுளிக்காதபடி இதைச் சொல்ல அம்மாக்களுக்குத் தெரியும்.

முந்தைய நாள்: தண்ணீர், தண்ணீர், அப்புறம் கழிப்பறை

மேடை அலங்காரத்தை விட்டுவிடுங்கள், இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாழை மட்டையும் கிட்டெங்கே என்ற வண்ணத் துணியும் கிடைத்தால் கோவிலை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார்கள். உங்கள் கவலை தண்ணீர்.

சமையலுக்கு 100 லிட்டர், குடிக்க 200, இரண்டு முறை கை கழுவ 150, பாத்திரம் கழுவ 150. மொத்தம் 600 லிட்டர். அங்கே 20 லிட்டர் மஞ்சள் கேனுக்கு டுமு என்று பெயர். 30 டுமு வேண்டும். ஊற்றோ கைபம்போ எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சிறுமிகள்தான் தலையில் சுமந்து வருவார்கள் என்பதை யாரும் சொல்லாமலே ஊர் ஏற்றுக்கொண்டிருக்கும். குழந்தைகள் நாளுக்குக் குழந்தைகளே தண்ணீர் சுமந்தால் நன்றாகவா இருக்கும்? மோட்டார் சைக்கிள் ஓட்டும் போடாபோடா பையன்களைப் பிடியுங்கள். ஒரு வண்டியில் நான்கைந்து கேன் கட்டுவார்கள். குடிக்கும் தண்ணீரை முந்தின இரவே கொதிக்கவைத்து மூடி வைத்துவிட வேண்டும்.

கை கழுவ ‘கிபுயு சிரிஸி’ கட்டுங்கள். செலவே இல்லை. ஐந்து லிட்டர் கேனில் மூடிக்குக் கீழே சூடான ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, இரண்டு கவைக்கம்புகளுக்கு நடுவே குறுக்குக் குச்சியில் தொங்கவிடுங்கள். கேனின் கழுத்திலிருந்து ஒரு கயிறு கீழே போய் ஒரு மிதிகட்டையில் முடிய வேண்டும். காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வடியும், கை எதையும் தொட வேண்டாம். சோப்பைக் கயிற்றில் கோத்துப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கழிப்பறைப் பக்கம் இரண்டு, சாப்பாட்டு இடத்தில் மூன்று இருந்தால் வரிசை நகரும். கழிப்பறைக் குழியின் மேல்தளம் உறுதியாக இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் ஏறி நின்று பார்க்கட்டும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பக் கூடாது.

பீன்ஸை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

அன்று காலை

ஜூனில் அந்த மலையில் நல்ல குளிர். ந்ஜோம்பே பக்கம் உறைபனி விழும் நாட்களும் உண்டு. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வெகுதூரம் நடந்து வருவார்கள். வந்ததும் ஆளுக்கு ஒரு கோப்பை சூடான உஜி, அதாவது சர்க்கரை போட்ட கஞ்சி கொடுங்கள். இதைச் செய்யாமல் நேரே திருப்பலி தொடங்கினால் மறையுரை நடுவில் ஒன்றிரண்டு பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். கோப்பையை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிடலாம்.

திருப்பலியில் உங்கள் வேலை குறைவு. பாடற்குழுவும் மேளமும் கயாம்பா என்ற கிலுகிலுப்பையும் இருக்க, அம்மாக்கள் விகெலெகெலே என்று குலவை இட, சிறுமிகள் வரிசையாக ஆடிக்கொண்டே பீடம் நோக்கி வருவார்கள். சிறுவர் திருப்பலிகளுக்காக 1973-இல் உரோமை வெளியிட்ட வழிமுறைப்படி, பங்குத்தந்தை சம்மதித்தால் நற்செய்திக்குப் பிறகு வேறொரு பெரியவர் பிள்ளைகளிடம் பேசலாம். சுவாஹிலி தடுமாறுகிற புது மிஷனரி இருபது நிமிடம் பேசுவதைவிட, ஊர் ஆசிரியை ஒருவர் ஏழு நிமிடம் பேசுவது எவ்வளவோ மேல். சோவெட்டோ கதையை அவரிடமே கொடுங்கள். துப்பாக்கிச் சூட்டை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் புரியாத மொழியில் பாடம் நடந்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லுங்கள். டான்சானியாவில் தொடக்கப்பள்ளி சுவாஹிலியில், உயர்நிலைப்பள்ளி ஆங்கிலத்தில். அக்கா அண்ணன்கள் படும் பாட்டைப் பார்த்த பிள்ளைகள் கேட்காமலே பேச ஆரம்பிப்பார்கள்.

காணிக்கை நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி மக்காச்சோளம், இரண்டு விறகு என்று கொண்டுவருவார்கள். 1843-இல் பிரான்சின் நான்சி ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் தொடங்கிய பாலர் சபையின் கருத்தே பிள்ளைகள் பிள்ளைகளுக்கு உதவுவதுதான். டான்சானியாவில் அதன் பெயர் உடோடோ ம்டகாடிஃபு. வந்த பொருளைத் திருப்பலிக்குப் பிறகு வெளியே ஏலம் விடுவார்கள். நம் தென்மாவட்டக் கோவில் ஏலங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு கோழியை ஒருவர் எடுத்துத் திரும்பவும் கோவிலுக்கே கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வர, சிரிப்பு அடங்க நேரமாகும். நீங்களும் கேளுங்கள், ஆனால் விலையை ஏற்றி ஊர்க்காரர்களை ஓரங்கட்டாதீர்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்கலாம். கிகாங்கோவில் நோட்டுப் புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகள் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாடும் விளையாட்டும்

200 தட்டு தேடி அலைய வேண்டாம். சினியா என்ற பெரிய வட்டத் தாம்பாளத்தில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவது அங்கே வழக்கம். ஒத்த வயதுப் பிள்ளைகளாகப் பிரித்து உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் கறி முழுவதும் பெரியவன் கைக்குத்தான் போகும். முதலில் மிகச் சிறியவர்கள். சோறு வெந்ததும் மூடிமேல் தணல் பரப்பி தம் போடுவார்கள், அந்தச் சூட்டிலேயே பரிமாறிவிடுங்கள். மிஞ்சியதை மாலைக்கு வைக்காமல் உடனே வீடுகளுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

உங்களை உள்ளே அழைத்து, மேசை போட்டு, கோழிக்கறியும் சோடாவும் வைப்பார்கள். விருந்தினருக்குச் செய்யும் மரியாதை அது, மறுத்தால் சமைத்த அம்மா வருந்துவார். பிள்ளைகளோடு சாப்பிட விரும்புவதை முந்தின நாளே கட்டெகிஸ்டாவிடம் சொல்லி வையுங்கள். அப்படியும் மேசை போட்டுவிட்டால் உட்கார்ந்து ஒரு கை சாப்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

விளையாட்டுக்கு நீங்கள் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். சிறுமிகளுக்கு ரெடே என்ற பந்தெறி ஆட்டம், பையன்களுக்குத் துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிக் கட்டிய பந்தில் சண்டிமு என்ற தெருக் கால்பந்து, எல்லாருக்கும் கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், கடைசியாகக் கோழி துரத்தல். மண்ணில் குழி தோண்டிக் கூழாங்கல்லால் ஆடும் ம்டாகோ நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள், நம் சொட்டாங்கல் ஆடிய கைக்கு அது உடனே பிடிபடும். பெரியவர்கள் ஆடும் பாவோ பல்லாங்குழியின் குடும்பம், ஆனால் நான்கு வரிசை. அதில் தாத்தாக்கள் உங்களைத் தோற்கடித்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார்கள்.

வெண்தோல் பிள்ளைகள், அதாவது அல்பினிசம் உள்ளவர்கள், கூட்டத்தில் இருந்தால் நிழலும் அகலத் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் ஏற்பாடு செய்யுங்கள். ஜூன் 13 அவர்களுக்கான சர்வதேச விழிப்புணர்வு நாள். ஆசிரியை அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். டான்சானியாவில் இவர்கள்மேல் கொடிய தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் யாரோடு வந்தார்கள், யாரோடு திரும்பினார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

பரிசுப் பொருள், புகைப்படம்

பெட்டி பெட்டியாகப் பொம்மையும் பழைய துணியும் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. வரிசையில் கடைசிப் பிள்ளைக்குப் பொருள் தீர்ந்துபோகும், அன்றைய நாள் அந்த அழுகையோடு முடியும். வண்டியிலிருந்து மிட்டாய் வீசுவது அதைவிட மோசம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நோட்டும் பென்சிலும் வாங்கி, ஜுமுயா தலைவர்கள் வழியாக வீட்டுக்கு அனுப்புங்கள். பக்கத்துச் சந்தையிலேயே வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், 2019 ஜூன் 1 முதல் டான்சானியாவில் அதற்குத் தடை. இந்தியாவிலிருந்து வரும் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

புகைப்படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளையின் முகம், பெயர், கிராமம் மூன்றையும் ஒன்றாக முகநூலில் போடவே கூடாது. அல்பினிசம் உள்ள பிள்ளைகளின் படம் என்றால் எடுக்கவே வேண்டாம். சோறு வாங்கக் கை நீட்டும் படம் நன்கொடையாளருக்குப் பிடிக்கலாம். அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும் என்று யோசித்துவிட்டு அழுத்துங்கள். விருந்தினர் யாரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். இதை வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். நான்கு மணிக்கே முடித்து, ஜுமுயா வாரியாகப் பெரியவர்களோடு பிள்ளைகளை அனுப்புங்கள். திறந்த வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகக் கேட்பார்கள், ஏற்றாதீர்கள்.

சினியாவும் சுஃபுரியா அண்டாவும் யார் வீட்டிலிருந்து வந்தனவோ அங்கே மறுநாளே கழுவிப் போய்ச் சேர வேண்டும். தணலைத் தண்ணீர் ஊற்றி அணையுங்கள், வறண்ட மாதம், புல் பற்றிக்கொள்ளும். அடுத்த ஞாயிறு வழிபாட்டில் வரவு செலவைக் கட்டெகிஸ்டா வாசிக்கட்டும்: எந்த ஜுமுயா எவ்வளவு பீன்ஸ், ஏலத்தில் எவ்வளவு, மிஷனரி எவ்வளவு என்று. உங்கள் பெயர் பட்டியலின் நடுவில் எங்காவது வந்தால் சரி. அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கிகாங்கோவிலேயே வையுங்கள், அடுத்த ஏப்ரலில் கட்டெகிஸ்டாவும் அம்மாக்களும் அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கூட்டம் போடுவார்கள்.